வாசகர் கேள்வி–பதில்: மெர்லீன் ஓட்டி துரதிர்ஷ்டசாலியா?

கேள்வி: 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைப் பறிகொடுத்ததை நாம் இன்றும் ஆறாமல் பேசுகிறோம். அவரைவிடத் துரதிர்ஷ்டசாலியான ஓட்டக்காரி யாராவது உண்டா?

பதில்: அந்த நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் தங்கத்தை இழந்தவர் இருக்கிறார், அதுவும் இரண்டு முறை. ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டி. 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன் போட்டி, 100 மீட்டர்: அவருக்கும் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கும் ஒரே நேரம், 10.82 விநாடி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் அதே இருவர், இருவருக்கும் 10.94. இரண்டு முறையும் எல்லைக்கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்து டெவர்ஸுக்குத் தங்கம் என்றார்கள்.

எல்லைக்கோட்டைத் தலையோ கையோ காலோ முதலில் எட்டினால் கணக்கில்லை. உடல் எட்ட வேண்டும். அதனால்தான் கடைசி அடியில் மார்பை முன்னே தள்ளிச் சாய்கிறார்கள். சற்று முந்திச் சாய்ந்தால் வேகம் போய்விடும், பிந்தினால் பதக்கம் போய்விடும். படத்தாலும் பிரிக்க முடியாவிட்டால் இருவருக்கும் ஒரே பதக்கம். 2008 பெய்ஜிங்கில் ஷெரோன் சிம்ப்சன், கெரான் ஸ்டீவர்ட் என்ற இரு ஜமைக்கா பெண்களுக்கு 100 மீட்டரில் அப்படித்தான் வெள்ளி கிடைத்தது.

ஆனாலும் ஓட்டியைத் துரதிர்ஷ்டசாலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ஸ்டுட்கார்ட்டில் 200 மீட்டரை 21.98 விநாடியில் ஓடி, அமெரிக்காவின் க்வென் டாரன்ஸை நூறில் இரண்டு பங்கில் முந்தித் தங்கம் வென்றார். 1995 கோத்தன்பர்க் உலக சாம்பியன் போட்டியின் 200 மீட்டரில் அதிர்ஷ்டம் அவர் பக்கமே இருந்தது: முதலில் வந்த டாரன்ஸ் தன் பாதையின் கோட்டை மிதித்ததால் நீக்கப்பட, தங்கம் ஓட்டிக்கு வந்தது. 1980 மாஸ்கோவில் தொடங்கி 2004 ஏதென்ஸ் வரை ஏழு ஒலிம்பிக்குகள், மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம். தங்கம் இல்லைதான். ஆனால் கால் நூற்றாண்டு அந்த வரிசையில் நின்றவர் வேறு யார்?

கேள்வி: ஓட்டி கடைசியில் நாடு மாறி ஸ்லோவேனியாவுக்காக ஓடினாரே, அது சரியா?

பதில்: சரி என்றே நினைக்கிறேன். 2000 சிட்னிக்கான ஜமைக்கா தேர்வுப் போட்டியில் அவர் நான்காவதாகத்தான் வந்தார். ஆனாலும் 100 மீட்டரில் அவரைச் சேர்த்தார்கள். தேர்வில் வென்ற பெண்ணின் இடம் பறிபோனது. சக வீரர்களே ஒலிம்பிக் கிராமத்தில் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தப் பெண்ணின் பக்கம் நியாயம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஓட்டியோ நாற்பது வயதில் இறுதிப் போட்டிக்குப் போய் நான்காவதாக வந்தார். ஊக்கமருந்து விவகாரத்தில் மேரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு அது வெண்கலமானது.

அப்போதே அவர் ஸ்லோவேனியாவில் தங்கிப் பயிற்சி பெற்றுவந்தார். 2002-ல் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அதன் சீருடையில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் அரையிறுதி வரை போனார். 2012-ல் ஹெல்சிங்கியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் போட்டியின் தொடர் ஓட்டத்திலும் ஸ்லோவேனியாவுக்காக ஓடினார். அப்போது அவருக்கு வயது 52.