கானில் எண்ணெய், பீலியில் மருந்து: மலையக வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரின் பதில்கள்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

டிக்கோயாவிலிருந்து: சேர், வீட்டுக்கு மேலே ஒரு வாகன சேர்விஸ் ஸ்டேசன். எண்ணெய்த் தண்ணி நேரே கானுக்குள் (வடிகாலுக்குள்) வருது. சபையில் கேட்டால் "அது எங்கட வேலை இல்ல" என்கிறார்கள்.

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். கழிவு வெளியேற்றும் தொழில்களுக்கு, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுக்கும், சின்னவற்றுக்கு உள்ளூராட்சி சபையே கொடுக்கும். அதனால் "எண்ணெய் வருது" என்று மட்டும் எழுதாமல், "இந்த இடத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கா, யார் கொடுத்தது, கழிவு நீருக்கு என்ன நிபந்தனை" என்று எழுத்தில் கேளுங்கள். புகாரை மேசை மாற்றித் தள்ளிவிடலாம், இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நிபந்தனையை மீறினால் அனுமதியை இரத்துச் செய்யவும் முடியும். இன்னொன்று, உங்கள் பக்கத்துத் தண்ணி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி ஆற்றில் சேர்ந்து, அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீராகிறது. கடிதத்தில் இதையும் ஒரு வரி போடுங்கள், கொழும்பு என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி: லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். அதற்குக் கீழேதான் நாங்கள் தண்ணி பிடிக்கிற பீலி. தண்ணியைச் சோதிக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் பீ.எச்.ஐ. எடுக்கும் தண்ணி மாதிரியில் வழக்கமாகப் பார்ப்பது கிருமி. "தண்ணி நல்லது" என்று ரிப்போர்ட் வந்தால் அதில் மருந்து இல்லை என்று அர்த்தம் கிடையாது. களைநாசினிக்கு வேறு ஆய்வுகூடம் வேண்டும், அதுவும் எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சரியாகத் தேட முடியும். ஆகவே முதலில் போத்தலின் பெயர், அடித்த தேதி, மழை எப்போது பெய்தது, மூன்றையும் குறித்து வையுங்கள். லேபிளைப் போன்காரர் யாராவது படம் எடுத்தால் இன்னும் நல்லது. கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015 இல் தடை செய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள், அதனால் பெயரைக் கேட்டவுடனே "இது தடை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பதிவு செய்யாத மருந்தா என்று பீடைகொல்லிப் பதிவாளரிடம் கேட்கலாம். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: பீலிக்கு மேலே ஒரு துண்டு மலையை மருந்தில்லாமல் கையால் துப்புரவு பண்ணும்படி தொரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) தொழிற்சங்கத்து வழியாகக் கேளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது.

அதே தோட்டத்திலிருந்து: பிரதேச சபை எங்கள் குப்பையை எடுக்காதாம், தோட்டம் தனியார் காணியாம்.

பழைய கதை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது உண்மைதான், நம் ஆட்கள் வரியும் வாக்கும் கொடுத்துவிட்டு வெளியே நின்ற காலம் அது. 2018 இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது காசு இல்லை, லொறி இல்லை என்று சொல்லலாம், சட்டம் விடாது என்று சொல்ல முடியாது. உங்கள் வட்டார உறுப்பினரை வைத்துச் சபைக் கூட்டத்திலேயே கேட்க வையுங்கள்.

பண்டாரவளை: பக்கத்துக் கடைக்காரர் பின்னேரத்தில் பொலித்தீனும் வயரும் எரிக்கிறார்.

குப்பையையும் பிளாஸ்டிக்கையும் வெளியில் எரிப்பது 2017 முதல் தடை. வயர் உறை எரிந்தால் வரும் புகை லேசானதல்ல, டயொக்சின் என்ற கொடிய நச்சு வரை அதில் இருக்கும். எரியும்போதே நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், சாம்பலை வைத்து வழக்காட முடியாது.

நுவரெலியா: அண்ணே, லீக்ஸ், கரட்டைக் கழுவினால் மருந்து போயிடுமா?

மேலே ஒட்டியது ஓரளவு போகும், செடிக்குள் ஊறும் மருந்து போகாது. அதற்குத்தான் லேபிளில் கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையில் இத்தனை நாள் என்று போட்டிருக்கிறது, விலை ஏறினால் அதை யார் பார்க்கிறார்கள்! லீக்ஸைப் பிளந்து இதழ் இதழாகக் கழுவுங்கள். வெற்று மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், மூன்று தரம் அலசி, ஓட்டை போட்டு, ஓடைக்குத் தூரமாக வையுங்கள்.

கண்டி: எங்கள் நகரத்துக் காற்று ஏன் இப்படி அழுக்காக இருக்கு?

நாலு பக்கமும் மலை, நடுவில் பஸ்கள். பனிக்காலையில் புகை மேலே ஏறாமல் நகரத்திலேயே கிடக்கும். ஈயப் பெற்றோல் 2002 இல் போனது, 2008 இல் வாகனப் புகைப் பரிசோதனை வந்தது, இரண்டும் நல்ல வேலை. ஆனால் நிறுத்திய பஸ்ஸின் எஞ்சினை அணைக்க வைப்பதற்குப் புதுச் சட்டம் எதற்கு? மாநகரசபையும் பொலிசும் மனம் வைத்தாலே போதும்.

பல பேர்: பெயர் போட்டு எழுதப் பயமாக இருக்கு.

நியாயமான பயம். 1981 என்பது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம், அதற்குப் பேசலாம். எழுதுவதென்றால் தனியாக வேண்டாம், லயத்துக்கு ஒருவராகக் கையெழுத்து வையுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எதுவும் அசையாவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் உத்தரவிடலாம். அப்போது முதலில் கேட்பது அந்தப் பற்றுச்சீட்டைத்தான்.