நிசேயா சங்கத்தில்தான் பைபிளின் புத்தகங்கள் முடிவு செய்யப்பட்டனவா?

கேள்வி இது: “கான்ஸ்டன்டைன் பேரரசர் கி.பி. 325இல் நிசேயாவில் பிஷப்புகளைக் கூட்டி, எந்தச் சுவிசேஷம் பைபிளில் இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்தார் என்கிறார்களே, உண்மையா?”

உண்மை இல்லை. நிசேயாவில் பேசியது வேறு. குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்று அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் கிளப்பிய விவாதம், ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்ற சச்சரவு, எகிப்துச் சபையில் இருந்த ஒரு பிளவு. இவைதான் முக்கியமானவை. சங்கம் இயற்றிய 20 விதிகள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. குருமார் வட்டி வாங்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமையில் முழங்காலிடாமல் நின்று ஜெபிக்க வேண்டும் என்பது வரை அவற்றில் உண்டு. புத்தகப் பட்டியல் மட்டும் இல்லை.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? சங்கம் நடந்து ஐந்தரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில், எல்லாப் புத்தகங்களையும் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தார்கள், உண்மையானவை மேலே இருந்தன, போலியானவை கீழே கிடந்தன என்று வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை எடுத்துக் கேலி செய்ய, கதை ஊரெல்லாம் பரவிவிட்டது.

நடந்தது அதைவிட மெதுவானது. ஆராதனையில் எதை உரக்க வாசிப்பது என்ற கேள்விதான் புதிய ஏற்பாட்டை உருவாக்கியது. கி.பி. 180 வாக்கிலேயே லியோன் நகர பிஷப் இரேனியுஸ், சுவிசேஷங்கள் நான்குதான் என்று அடித்துச் சொல்கிறார். நிசேயாவுக்கு ஏறக்குறைய 145 வருடம் முன்பு!

அந்தக் காலத்து இன்னொரு சம்பவம். அந்தியோகியா பிஷப் செராபியோன், ரோசுஸ் என்ற ஊர்ச் சபைக்குப் போகிறார். அங்கே சிலர் ‘பேதுரு சுவிசேஷம்’ என்ற ஒன்றை வாசிக்க விரும்புகிறார்கள். அவரும் பெரிதாகப் பிரித்துப் பார்க்காமல், சரி, வாசியுங்கள் என்று விட்டுவிடுகிறார். பிறகு சந்தேகம் வந்து, பிரதி ஒன்றை இரவல் வாங்கி முழுக்கப் படிக்கிறார். பெரும்பகுதி சரிதான், ஆனால் சில சேர்க்கைகள் இருக்கின்றன என்று அவற்றைக் குறித்து அந்தச் சபைக்கு எழுதி அனுப்புகிறார். அரசனும் இல்லை, சங்கமும் இல்லை. தன் பொறுப்பில் உள்ள ஜனங்களுக்காக ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்புறம் கி.பி. 303. கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகங்களைக் கொளுத்தச் சொல்லி ரோமப் பேரரசன் தியோக்லேசியன் ஆணையிடுகிறான். அந்த வருடம் மே 19 அன்று வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் நடந்த சோதனையின் அதிகாரப்பூர்வக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. திருச்சபை வரலாற்றில் இவ்வளவு நெருக்கமாக நம்மை உள்ளே அழைத்துப் போகும் ஆவணம் எனக்குத் தெரிந்து வெகு குறைவு. அதிகாரிகள் சபை கூடும் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள்: பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களுக்கான அங்கி 82, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணியாகத்தான் இருக்க வேண்டும். நூலக அலமாரியைத் திறந்தால் காலி! கடைசியில் ஒரே ஒரு பெரிய புத்தகம் வருகிறது. மற்றவை எங்கே என்றால், ஆராதனையில் வேதம் வாசிக்கும் பொறுப்பிலிருந்த வாசகர்களிடம் இருக்கின்றன என்று பதில். அந்த வாசகர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்த உதவித் தியாகோன்கள் இருவர், கொல்ல வேண்டுமானால் எங்களைக் கொல்லுங்கள் என்று நிற்கிறார்கள். அவர்களைக் கைது செய்துவிட்டு, அதிகாரிகள் வீடு வீடாகப் போய் வாங்குகிறார்கள். ஒரு வீட்டில் நாலு, இன்னொன்றில் எட்டு.

இப்படி ஒரு நாள் வரும்போது, எதைக் கொடுத்தால் பாவம், எதைக் கொடுத்தால் பரவாயில்லை என்று தெரிந்தே ஆகவேண்டும். வேதத்தை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டவர்களை மன்னிக்கலாமா என்ற வழக்கில் வட ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாக உடைந்தது, பல தலைமுறைக்கு ஒட்டவில்லை.

இன்று நாம் வைத்திருக்கும் அதே 27 புத்தகங்களின் பட்டியல் முதன்முதலில் தெளிவாக வருவது 367இல். அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் ஈஸ்டர் தேதியை அறிவிக்க வருடாவருடம் எழுதும் கடிதத்தில் அதைத் தருகிறார். இவர் இளம் தியாகோனாக நிசேயாவுக்கே போயிருந்தவர். அந்தச் சங்கத்துக்காக வாழ்நாள் முழுக்கப் போராடி, ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். புத்தகப் பட்டியலை நிசேயா கொடுத்திருந்தால், அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவர் இவர்தான். சொல்லவில்லை, முன்னோர் கையளித்தவை என்றுதான் எழுதுகிறார். பின்னர் ஹிப்போவிலும் (393) கார்த்தேஜிலும் (397) கூடிய ஆப்பிரிக்க பிஷப்புகள் அதே 27ஐ உறுதி செய்தார்கள்.

கான்ஸ்டன்டைன் செய்தது ஒன்று உண்டு. தன் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 வேதப் பிரதிகளை நல்ல தோலில் எழுதித் தரும்படி வரலாற்றாசிரியரான பிஷப் யூசிபியஸைக் கேட்டார். எந்தப் புத்தகங்களைச் சேர்க்க வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை. யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் நிருபங்களைச் சிலர் ஏற்கவில்லை என்று யூசிபியஸே தன் சபை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிரியாவிலோ நிலைமை இன்னும் வேறு. அங்கே வழங்கிய பெஷித்தா என்ற சிரியாக் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு 22 புத்தகங்கள்தான்: 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தும் கிடையாது. 325இல் பேரரசர் ஒரே உத்தரவில் முடித்து வைத்திருந்தால், நூறு வருடம் கழித்தும் சிரியர்கள் அந்த ஐந்தும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்க முடியாது.