படகில் தங்கிச் சுழியோடலாமா?

கேள்வி: கடலட்டை பிடிப்பதற்காகச் சிலிண்டர் கட்டிச் சுழியோடிய அனுபவம் எனக்கு உண்டு. மாலைதீவில் படகிலேயே தங்கிச் சுழியோடும் மலிவுப் பயணத்துக்கு அது போதுமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: துணிவுக்குப் போதும், படகுக்காரர்கள் பயிற்சிச் சான்று அட்டையையே கேட்பார்கள். தொடக்கநிலையான ஓப்பன் வோட்டர் சான்று 18 மீற்றர் ஆழம் வரைக்குமானது. மாலைதீவில் தீவுகளுக்கு இடையிலான கடற்கால்வாய்களில் நீரோட்டம் வலுவானது என்பதால், அடுத்த நிலைச் சான்றையும் பெற்றுச் செல்வதே நல்லது. மலிவுப் பயணமென்றால் பெரும்பாலும் அறையைப் பிறருடன் பகிர வேண்டியிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உபகரண வாடகையும் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் வரிகளும் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதை முற்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நாள்தோறும் பலமுறை இறங்குவதால் உடலில் நைதரசன் தேங்கும்; விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழிகளாகி ஆபத்தாகலாம். ஆகவே கடைசியாகச் சுழியோடியதற்கும் கட்டுநாயக்கவுக்கு விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது 18 மணித்தியாலங்கள் விடுங்கள்.