கேள்வி – பதில்: ஒருவர் மட்டும் ஓட்டும் பாய்ப்படகு

கேள்வி: ஒலிம்பிக்கில் சின்னப் படகொன்றில் ஒரேயொருவர் பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். லேசர் என்று சொன்னார்கள். அது எங்கே, எப்படி வந்த படகு? – வாசகர், முல்லைத்தீவு

பதில்: கனடாவில், ஒரு ரெலிபோன் பேச்சில் வந்தது. 1969இல் மொன்றியலைச் சேர்ந்த இயன் புரூஸ் என்ற வடிவமைப்பாளர், ஒரு கம்பனிக்காக, முகாம் போடப் போகிறவர்கள் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரு படகு வேண்டும் என்று நண்பர் புரூஸ் கேர்பியிடம் கேட்டார். கேர்பி பத்திரிகைக்காரர், கனடாவுக்காக ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டியவரும்கூட. பேசிக்கொண்டே கையிலிருந்த தாளில் கோடு கோடாகக் கீறியதுதான் இந்தப் படகு. படகைக் கேட்ட கம்பனி பிறகு வேண்டாம் என்றுவிட்டது, வரைபடம் சும்மா கிடந்தது. 1970 ஒக்டோபரில் அமெரிக்காவில் மலிவான படகுகளுக்கென்று ஒரு போட்டி வைத்தபோதுதான் அதை வெளியே எடுத்து ஒரு படகு செய்தார்கள். பாயைத் தைத்தவர் ஹான்ஸ் ஃபோக், டென்மார்க்குக்காக 1960இல் ஒலிம்பிக் வெள்ளி வென்றவர். அடுத்த வருடம் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் வைத்ததும் ஓடர்கள் குவிந்தன. இன்றைக்கு உலகம் முழுக்க இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதன் எளிமைதான் காரணம் என்பேன். நீளம் 4.2 மீற்றர், உடல் 59 கிலோ, இரண்டு பேர் தூக்கி மணலில் வைக்கலாம். பாய்மரம் இரண்டு துண்டு, ஒன்றை மற்றதற்குள் செருகிவிட்டு, பாயின் ஓரத்தில் தைத்திருக்கும் நீளப் பையைத் தலையணைக்கு உறை போடுவதுபோல அதன்மேல் இழுத்துவிட வேண்டும், பிறகு மரத்தை அப்படியே தூக்கி முன்பக்கத் துளையில் நிறுத்தினால் சரி. பக்கத்தில் இழுத்துக்கட்டும் கம்பி ஒன்றும் கிடையாது. எல்லாப் படகும் ஒரே அச்சு என்பதால் காசு உள்ளவன் வேகமான படகு வாங்கி வெல்ல முடியாது, காற்றைப் படிக்கத் தெரிந்தவன்தான் வெல்வான். எனக்கு இந்தப் படகில் மிகவும் பிடித்ததே அதுதான். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது, பெண்களுக்கு 2008இல். 2019க்குப் பிறகு ஐ.எல்.சி.ஏ. (இந்தப் படகின் சர்வதேசச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம்) என்று பெயர் மாறினாலும் லேசர் என்ற பெயர் வாயிலிருந்து போகவில்லை.

கேள்வி: வள்ளத்தில் பாய் போட்ட காலத்தில் எதிர்க்காற்று என்றால் துடுப்புத்தான் என்று அப்பா சொல்வார். லேசர் எதிர்க்காற்றில் எப்படிப் போகிறது? – வாசகர், கொக்கிளாய்

பதில்: நேரே எதிர்த்து எந்தப் பாய்ப்படகும் போகாது. காற்றுக்குச் சுமார் 45 பாகை சரிவாக வலப்பக்கம் கொஞ்சத் தூரம், பிறகு திருப்பி இடப்பக்கம் கொஞ்சத் தூரம் என்று வளைந்து வளைந்து ஏறும். அதற்கு உதவுவது நடுவில் செருகும் பலகை. தண்ணீருக்குள் கத்திபோல இறங்கி நிற்பதால், காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் படகு வழுக்காமல் முன்னே போகும். அப்பாவின் வள்ளத்தில் அந்தப் பலகை இருந்திருக்காது, அதனால் அவர் சொன்னது சரி.

கேள்வி: மகளுக்கு 14 வயது, மெலிந்த பிள்ளை. இந்தப் படகை அவள் ஓட்டலாமா? நந்திக்கடல் களப்பில் ஓடுமா? – ஒரு தாய், வற்றாப்பளை

பதில்: தாராளமாக ஓட்டலாம், அம்மா. படகு ஒன்றுதான், பாய் மூன்று அளவில் இருக்கிறது: 7.06, 5.76, 4.7 சதுர மீற்றர். பிள்ளைக்குக் கடைசி. நடுப் பாயில் ஓட்டித்தான் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நம் மொழி பேசும் பிள்ளை, மகளிடம் சொல்லுங்கள்.

நந்திக்கடல் என்றதும் நமக்கெல்லாம் போர் முடிந்த 2009தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பெண்பிள்ளை பாய் விரித்துப் போவதை நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் கோடையில் தண்ணீர் வற்றிப்போகும், நடுப்பலகை சேற்றில் குத்தும், மாரி மழை நிறைத்த பிறகு இறக்குவதுதான் நல்லது. இறால் பிடிப்பவர்களின் வலையும் தடியும் எங்கே என்று முதலே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் கால் வைக்கவே விடாதீர்கள்.

அப்புறம், முதல் நாளே தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குங்கள். கவிழ்ந்தால் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். முதலில் அசையாது, பாயிலிருந்து தண்ணீர் வழிந்ததும் சட்டென்று எழும்பிவிடும். இரண்டு தரம் செய்தால் பயம் போய்விடும், மூன்றாம் தரம் அவளே கவிழ்ப்பாள்.