‘சேவையை மேம்படுத்த’ என்று எழுதியிருந்தால் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். வாடிக்கையாளர் புகார்களையெல்லாம் ஒரு ஆன்லைன் மென்பொருளில்தான் வைத்திருக்கிறோம். அதில் புதிதாக ஏஐ வசதி வந்திருக்கிறது. புகாரைச் சுருக்கித் தருகிறது, பதிலையும் எழுதித் தருகிறது. கூடவே வந்த மெயிலில், ‘எங்கள் சேவையை மேம்படுத்த உங்கள் டேட்டாவைப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி. எங்கள் வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் நாளைக்கு வேறு யாருடைய திரையிலாவது போய் நிற்குமா? இதை நிறுத்த வழி உண்டா?

பதில்: அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து வேலைகள் அடங்கியிருக்கின்றன. சிலவற்றால் உங்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஒன்றை மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘மேம்படுத்த’ என்று ஒரே சொல்லைப் போட்டு வைப்பது வக்கீல்களின் கைங்கரியம்.

உங்களுக்கு வரும் புகார் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ‘இந்த மாதச் சந்தா இரண்டு தடவை பிடித்துவிட்டீர்கள், ஒன்றைத் திருப்பித் தாருங்கள்’ என்று ஒருவர் எழுதுகிறார். கீழே பெயர், போன் நம்பர், கார்டின் கடைசி நான்கு எண்கள். உங்கள் ஊழியர் ‘சுருக்கு’ பட்டனை அழுத்துகிறார். புகார் முழுவதும் ஒரு மாடலுக்கு, அதாவது உரையைப் படித்து எழுதும் ஏஐ நிரலுக்குப் போய், மூன்று வரிச் சுருக்கமாகத் திரும்பி வருகிறது. இந்த இடத்தில் மாடல் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கொடுத்ததைப் படித்துச் சொல்லிவிட்டு அப்போதே மறந்துவிடுகிறது. உங்கள் பழைய புகார்களைத் தேடியெடுத்து, அவற்றைப் பார்த்துப் பதில் எழுதுவதும் அப்படித்தான். ‘நம் பழைய விஷயமெல்லாம் இதற்குத் தெரிகிறதே, நம் டேட்டாவை வைத்தே மாடலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள்போல’ என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். அது உங்கள் கணக்குக்குள் நடக்கும் தேடல், அவ்வளவுதான்.

ஆனால் அந்த மாடல் பெரும்பாலும் உங்கள் மென்பொருள் நிறுவனத்துடையதாக இருக்காது. இன்னொரு ஏஐ நிறுவனத்திடமிருந்து ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் இணைப்பு) வழியாக வாடகைக்கு எடுத்திருப்பார்கள். ஆகவே டேட்டா இரண்டு வாசல்களைத் தாண்டுகிறது. இரண்டிலும் என்ன விதி என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, ஏபிஐ வழியாக வரும் டேட்டாவை வாடிக்கையாளர் தானாகச் சம்மதித்தாலொழியப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று ஓபன்ஏஐ 2023 மார்ச் 1 முதல் விதி வைத்திருக்கிறது. முறைகேட்டைக் கண்காணிக்கப் பொதுவாக 30 நாள் வரை வைத்திருப்பதாகவும் சொல்கிறது. அதே நிறுவனத்தின் சாட்ஜிபிடியில் சாதாரணக் கணக்கு வைத்திருந்தால் கதையே வேறு. நாமாகப் போய் அணைக்கும் வரை உரையாடல்கள் பயிற்சிக்குப் போகும்.

அடுத்தது லாக், அதாவது மாடலுக்குப் போனதும் வந்ததும் பதிவாகி இருக்கும் குறிப்பு. சுருக்கம் சரியாக வந்ததா, எங்கே சொதப்பியது என்று பார்க்க மாதிரிகளை எடுத்து மனிதர்கள் படிப்பார்கள். ‘யாருமே பார்க்க மாட்டார்கள், எல்லாம் மெஷின்தான்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நம்பாதீர்கள். ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியில் பேசியதன் ஒலிப்பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுத் தரம் பார்க்கிறார்கள் என்பது 2019-ல் வெளிவந்து, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. இனி சம்மதித்தவர்களின் பதிவுகளை மட்டுமே கேட்போம் என்று மாற்றியது.

மூன்றாவது, சின்னச் சின்ன மாடல்கள். எந்தப் புகார் அவசரம், தேடினால் எது முதலில் வர வேண்டும் என்பதையெல்லாம் கணிக்க, யார் எதைக் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கே போதும். 2024 மே மாதம், அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் நிறுவனத்தைப் பயனர்கள் ஒரு பிடி பிடித்தது இந்த விஷயத்தில்தான். சேனல், எமோஜி பரிந்துரை போன்றவற்றுக்குத்தான் பயன்படுத்துகிறோம், உரை எழுதும் பெரிய மாடல்களுக்கு இல்லை என்று அவர்கள் விளக்கினார்கள். விளக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்தியது வேறு: வேண்டாம் என்றால் அலுவலகக் கணக்கின் உரிமையாளர் மெயில் எழுதிக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒரு பட்டன் வைக்க இவர்களுக்குத் தெரியாதா என்ன!

இனி நான்காவது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஏஐ எழுதிய வரைவு, ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், பத்து நாளில் பணம் திரும்ப வரும்’ என்கிறது. உங்கள் ஊழியர் ‘பத்து நாள்’ என்பதை அடித்துவிட்டு ‘மூன்று வேலை நாள்’ என்று போடுகிறார். வருத்தத்தை எடுத்துவிட்டு ‘தவறு எங்களுடையது’ என்று எழுதி அனுப்புகிறார். மென்பொருள் நிறுவனத்துக்கு இதில் தங்கம் எது தெரியுமா? புகார்கூட இல்லை, அந்தத் திருத்தம்தான். மாடல் எழுதியது இது, அனுபவசாலி மாற்றியது இது என்ற ஜோடி ஆயிரக்கணக்கில் கிடைத்தால் மாடலை அழகாகப் பழக்கிவிடலாம். காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை உங்கள் ஊழியர் அன்றாட வேலையோடு வேலையாக, அவர்களுக்கு இலவசமாகச் செய்துகொடுக்கிறார்.

இப்படிப் பழக்கும்போது பெயரும் நம்பரும் உள்ளே போனால் வெளியே வருமா? அபூர்வம், ஆனால் வரக்கூடும். ஓபன்ஏஐயின் பழைய ஜிபிடி-2 மாடலிலிருந்து நிஜ மனிதர்களின் பெயர், போன் நம்பர், மெயில் முகவரிகளை அப்படியே வரவழைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் காட்டினார்கள். பயிற்சித் தரவில் ஒரே ஒரு ஆவணத்தில் இருந்த வரிகள்கூட அப்படி வந்தன. உள்ளே போனதைத் தனியாகப் பிடுங்கி எடுப்பதும் சுலபமில்லை. டேட்டாபேஸில் ஒரு வரியை அழிப்பது போல மாடலிலிருந்து ஒருவரை அழிக்க முடியாது.

‘பெயரை நீக்கிவிட்டுத்தான் எடுக்கிறோம்’ என்பார்கள். நல்லதுதான், முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களைப் பெயருக்குப் பதில் வெறும் எண் போட்டு வெளியிட்டது. தேடிய விஷயங்களை வைத்தே ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள் பத்திரிகையாளர்கள். புகார் கடிதமும் அப்படித்தான். பெயரை எடுத்தாலும் ஆள் அதில் இருப்பார்.

நிறுத்துவது எப்படி? முதலில் அட்மின் கணக்கில் நுழைந்து ஏஐ, டேட்டா, தனியுரிமை என்ற பகுதிகளைத் துழாவுங்கள். ஊழியர் கணக்கில் இந்தச் செட்டிங்ஸ் தெரியாமலே இருக்கலாம். டிஃபால்டாக ‘ஆன்’ நிலையில் இருக்கும் வாய்ப்பே அதிகம். லிங்க்ட்இன் 2024 செப்டம்பரில் அப்படித்தான் வைத்திருந்தது. அணைத்தாலும் அதற்கு முன் நடந்த பயிற்சியை அது மாற்றாது என்றும் சொன்னது. ஆகவே இன்றைக்கே பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை: கட்டைவிரல் பட்டன். பயிற்சியை அணைத்துவிட்டாலும், பதிலுக்குக் கீழே ‘நன்று’ அல்லது ‘மோசம்’ என்று அழுத்தினால் அந்த உரையாடல் முழுவதையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சில சேவைகளின் விதிகளில் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம் உள்ள இடத்தில் அந்தப் பட்டனைத் தொட வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள்.

பிறகு மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு மெயில். ‘எங்கள் டேட்டா பாதுகாப்பாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள், ‘ஆம்’ என்று பதில் வந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: “எங்கள் புகார்களின் உள்ளடக்கத்தையும், ஏஐ வரைவில் நாங்கள் செய்யும் திருத்தங்களையும், பிற வாடிக்கையாளர்களுக்கும் பொதுவான மாடலைப் பயிற்றுவிக்க எடுக்கிறீர்களா? எந்த ஏஐ நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள், அங்கே எத்தனை நாள் இருக்கும்? உங்கள் ஊழியர்களோ ஒப்பந்ததாரர்களோ படிப்பார்களா? நாங்கள் கணக்கை மூடினால் எதெல்லாம் அழியும், எது அழியாது?” பதில் எழுத்தில் வேண்டும், முடிந்தால் ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வேண்டும். வலைத்தளத்தில் இருக்கும் விதிமுறையை அவர்கள் நாளைக்கே மாற்றலாம்.

இத்தனையும் செய்துவிட்டு, ஊழியர் ஒருவர் புகாரை நகலெடுத்துத் தன் சொந்த இலவசக் கணக்கில் ஒட்டினால் எல்லாம் வீண். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மூலநிரலையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அத்தகைய கருவிகளுக்கே அங்கே தடை வந்தது. தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள் என்பது என் அனுபவம். உங்கள் மென்பொருளில் உள்ள வசதியையே சரியான செட்டிங்ஸில் பயன்படுத்த விடுவது மேல்.

இரண்டு வாரம் பாருங்கள். ‘தங்கள் தனியுரிமையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்’ என்ற அளவில் மட்டும் பதில் வந்தால், அட்மின் பக்கத்தில் ஏஐ வசதியையே அணைத்துவிட்டு மறுபடியும் அதே மெயிலை அனுப்புங்கள்.