அடங்கலில் தரிசு, அடுப்பில் சோறு

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்டத்துக்காக ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் மூன்று ஊர்களில் ஆய்வு செய்கிறேன். குடும்பங்களின் பிழைப்பு மாறியதற்கும் நிலப் பயன்பாடு மாறியதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. 180 வீடுகளில் படிவம் நிரப்பிவிட்டேன். இப்போது எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 'தொழில் என்ன?' என்றால் 'விவசாயம்' என்கிறார்கள். அவர்களுடைய நிலம் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், 'தரிசு'. செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் பச்சை. முரண்படும் வீடுகளை நீக்கிவிடச் சொல்கிறார் என் வழிகாட்டி. நீக்கினால் 70 வீடுதான் மிஞ்சும். என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்,

நீக்காதீர்கள். அந்த 110 வீடுகள்தான் உங்கள் ஆய்வு. மிச்சமுள்ள 70 வீட்டுக்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்கவே வேண்டாம்.

பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக் கருவேலமாக இருக்கும். மே மாதத்துப் படத்தை எடுத்துப் பாருங்கள். மிளகாயும் பருத்தியும் முடிந்து புன்செய்க் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் கருவை மட்டும் பச்சையாக நிற்கும். அடங்கல்காரருக்கோ விதைத்தார்களா இல்லையா என்பதுதான் கணக்கு. இந்தப் பசலியில் (வருவாய்த் துறை ஆண்டில்) மட்டும் விதைக்கவில்லை என்றால் நடப்புத் தரிசு, ஐந்து வருஷம் வரை விதைக்காமல் போட்டிருந்தால் இதர தரிசு, அதையும் தாண்டினால் வேறு இனம். சவுக்கு நட்டிருந்தால் மரப் பயிர், தோப்பு என்று மரியாதையாக ஏறியிருக்கும். தானாக முளைத்த கருவைக்குப் பெரும்பாலும் அந்த யோகம் கிடையாது.

ஆனால் அந்தத் தரிசில் வருமானம் இருக்கிறது. மரம் விறகாகத் தேறியதும் கரி போடுகிறவர் வந்து காட்டை நின்றபடிக்கே விலை பேசுவார். வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே இலைதழையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால் அதுதான் மூட்டம். தீ எரியக் கூடாது, கனியத்தான் வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியும் ஒரு ஆள் மண்வெட்டியோடு சுற்றிச் சுற்றி வர வேண்டும். முதலில் புகை வெள்ளையாகக் குமுறும். அது மெலிந்து நீலமாக மாறினால் வெந்துவிட்டது என்று பொருள். இந்த நீலப் புகைக்கு முன்னால் நின்று 'தரிசு' என்று எழுதிப் பாருங்கள், கை வராது.

'விவசாயம்' என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது தாங்கள் யார் என்பதை. நீங்கள் கேட்க நினைத்தது காசு எங்கிருந்து வந்தது என்று. அது வேறு கேள்வி. அதையும் மொத்தமாகக் கேட்காமல் புல எண் வாரியாகக் கேளுங்கள். இந்தக் காட்டில் கடைசியாக என்ன போட்டீர்கள்? கருவையை யார் வெட்டினார்கள்? காசு யார் கைக்கு வந்தது? வருஷத்தைக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னது 2017இல். 'கோர்ட்டு கருவையைப் பிடுங்கச் சொன்ன வருஷம்' என்று ஆரம்பித்தால் அதற்கு முன்னும் பின்னும் அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் ஒரு நிறுவனத்துக்காக நானும் படிவத்தோடு அலைந்தவன். ஒரு பாட்டியிடம் "என்ன வேலை பாக்குறீங்க?" என்றேன். "எனக்கென்னப்பா வேலை, சும்மாதான் இருக்கேன்" என்றார். 'வேலை இல்லை' என்பதில் டிக் அடித்தேன். அப்போது அவர் முறத்தில் கருவை நெற்றைப் பரப்பித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஆடுகளுக்கு. ஏழு உருப்படி, திண்ணையை ஒட்டியே கட்டியிருந்தது. அந்த நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில்தான் விதை அடுத்த காட்டுக்குப் போகிறது. பிழைப்பு, நிலப் பயன்பாடு, உங்கள் தலைப்பு முழுவதும் அந்த முறத்தில் இருந்திருக்கிறது. நான் அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

அப்புறம், குடும்பம் என்று எதை எடுத்தீர்கள்? ரேஷன் கார்டை என்றால் கஷ்டம். ஒரே சட்டியில் சாப்பிடும் வீட்டில் மூன்று கார்டு இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் பொது அடுப்பை வைத்து எண்ணுகிறார்கள். அது பரவாயில்லை. ஆனால் திருப்பூரிலிருந்து மாசாமாசம் பணம் அனுப்பும் மகன் அந்த அடுப்பில் சாப்பிடுவதில்லை. அவனுக்கென்று தனியாக ஒரு பத்தி போடுங்கள். காடு தரிசானதற்கு மழையை விட அவன் பெரிய காரணமாக இருக்கலாம்.

கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, ஏறக்குறைய 2,500 ஏக்கரில். இப்படி நிலம் கை மாறும்போது பட்டாதாரருக்கு விலை வரும். அங்கே ஆடு மேய்த்தவருக்கும் விறகு வெட்டியவருக்கும் அடங்கலிலும் பெயர் இல்லை, சிட்டாவிலும் இல்லை. அவர்கள் இருந்ததற்கு எழுத்தில் சாட்சி வேண்டுமென்றால் உங்களைப் போன்றவர்களின் படிவம்தான். அதிலும் 'முரண்பாடு' என்று அடித்துவிட்டால் எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைத் தங்கள் ஊர்களுக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம் போன்ற அந்த ஊர்களுக்கு 1936-37இல் ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள், பிறகும் போனார்கள். அப்படித் திரும்பிப் போக முடிந்ததற்குக் காரணம், முதலில் போனவர்கள் கண்டதை ஊர்ப்பெயரோடு எழுதி வைத்ததுதான். உங்கள் படிவத்திலும் புல எண்ணை விடாதீர்கள். கேள்வியைத் தமிழில் எந்த வார்த்தையில் கேட்டீர்களோ அதையும் அப்படியே பின்னிணைப்பில் போடுங்கள்.

வழிகாட்டியிடம் 110 வீட்டையும் தனி அத்தியாயமாக்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன்னால் இன்னொரு தடவை ஊருக்குப் போக வேண்டியிருக்கும். மிளகாய் வேலை ஓய்ந்த பிறகு போனால் நல்லது, வீட்டில் ஆள் இருப்பார்கள்.