பாட்டை நிறுத்தினா மெஷினே நின்னு போகுது!

கேள்வி: லினக்ஸுக்கு சின்னதா ஒரு விர்ச்சுவல் சவுண்ட் கார்டு டிரைவர் எழுதுறேன். பாட்டு நல்லா ஓடுது, ஸ்டாப் பண்ணா மட்டும் எப்பவாச்சும் ஒரு தடவை மெஷினே ஹேங் ஆகுது, மவுஸ் கூட நகரல. ட்ரிகர் ஃபங்ஷன்ல (ஸ்டார்ட், ஸ்டாப் வந்தா கூப்பிடப்படுறது) டைமரை ஒழுங்கா டெல்_டைமர்_சிங்க் போட்டுதான் நிறுத்துறேன். எங்க தப்பு?
- வாசகர், சேலம்

பதில்: அந்த சிங்க்லதாங்க தப்பு. ஆல்சா, அதாவது லினக்ஸோட சவுண்ட் சிஸ்டம், உங்க ட்ரிகரை கூப்பிடும்போதே ஸ்ட்ரீம் லாக்கை (ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எடுக்க முடியற பூட்டு) கையில பிடிச்சுக்கிட்டுதான் கூப்பிடுது. டெல்_டைமர்_சிங்க்கோ, டைமர் அடிச்சா ஓடுற உங்க ஃபங்ஷன், அதான் கால்பேக், வேற சிபியு கோர்ல ஓடிட்டிருந்தா அது முடியற வரைக்கும் நகராது, ஆனா அந்த கால்பேக் கடைசியா, ஒரு பீரியட் ஓடி முடிஞ்சதுன்னு ஆல்சாவுக்கு சொல்ற பீரியட்_எலாப்ஸ்ட்டை கூப்பிடுமே, அதுக்கும் அதே ஸ்ட்ரீம் லாக்தான் வேணும், அப்புறம் அது இதுக்காக, இது அதுக்காகன்னு ரெண்டும் காத்துக்கிட்டே கிடக்க வேண்டியதுதான். கால்பேக் ஓடுற அந்த துளி நேரத்துல ஸ்டாப் வந்து விழுந்தாதான் மாட்டும், அதான் எப்பவாச்சும் வருது.

இதைவிட மோசமா இன்னொண்ணு இருக்கு. பீரியட்_எலாப்ஸ்ட் உள்ள போய் எக்ஸ்ரன்னு (பஃபர்ல டேட்டா நேரத்துக்கு வரலைன்னு) கண்டுபிடிச்சா அங்கேர்ந்தே உங்க ஸ்டாப்பை கூப்பிடும், அப்போ கால்பேக் தான் முடியறதுக்கு தானே காத்திருக்கும், இதுக்கு ரெண்டாவது கோரே தேவையில்லை.

ட்ரிகர்ல வெறும் டெல்_டைமர் போடுங்க, கூடவே ரன்னிங்னு ஒரு ஃபிளாகை ஜீரோ ஆக்குங்க. கால்பேக் அந்த ஃபிளாகை பார்த்துட்டுதான் டைமரை திரும்ப ஓட விடுற மாட்_டைமர் போடணும், பார்க்குறதும் போடுறதும் உங்க சொந்த ஸ்பின்லாக் (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்குற பூட்டு) ஒண்ணுக்குள்ள நடக்கணும், ட்ரிகர்லயும் அதே ஸ்பின்லாக்கை எடுத்துதான் ஃபிளாகை மாத்தணும், ஆனா பீரியட்_எலாப்ஸ்ட் கூப்பிடுறதுக்கு முன்னாடி அதை கட்டாயம் விட்டுடுங்க. விடலைன்னா ட்ரிகர் ஸ்ட்ரீம் லாக், ஸ்பின்லாக்னு எடுக்கும், கால்பேக் தலைகீழா எடுக்கும், திரும்பவும் ஹேங்.

இத்தோட விட்டுடாதீங்க, நிறைய பேர் இங்கதான் நிறுத்திடுறாங்க. டெல்_டைமர் ஓடிட்டிருக்குற கால்பேக்குக்காக காத்திருக்காது, நீங்க க்ளோஸ்ல மெமரியை ஃப்ரீ பண்ணிட்டா கால்பேக் செத்த மெமரியை தொடும், ஹேங் போய் க்ராஷ் வரும். அந்த காத்திருப்பை லாக் இல்லாத இடத்துல வைங்க, இப்போ இருக்குற கெர்னல்கள்ல அதுக்குன்னே ஆல்சா கூப்பிடுற சிங்க்_ஸ்டாப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, டெல்_டைமர்_சிங்க் அங்க போகட்டும். அது இல்லாத பழைய கெர்னல்னா, உங்க டிரைவரோட ப்ரிப்பேர், எச்டபிள்யூ_ஃப்ரீ ஃபங்ஷன் ரெண்டுலயும் போடுங்க. புது கெர்னல்ல பேரு டைமர்_டிலீட், டைமர்_டிலீட்_சிங்க்னு மாறியிருக்கு, வேலை அதேதான்.

பிசிஎம்ல (ஆல்சாவோட ஆடியோ டிவைஸ்) நான்அடாமிக் ஃபிளாக் போட்டா சரியாயிடும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அப்போ ஸ்ட்ரீம் லாக் மியூடெக்ஸ், அதாவது தூங்கி காத்திருக்குற பூட்டு ஆயிடும், டைமர் கால்பேக்ல தூங்கவே கூடாது.

கெர்னல் சோர்ஸ்ல சவுண்ட், ட்ரைவர்ஸ் ஃபோல்டர்ல இருக்குற அலூப் டிரைவரை திறந்து பாருங்க, நிறுத்துறதுக்கு ஒரு ஃபங்ஷன், காத்திருந்து நிறுத்துறதுக்கு தனியா ஒண்ணுன்னு பிரிச்சு அழகா எழுதியிருக்காங்க. ப்ரூவ்_லாக்கிங்னு ஒரு கான்ஃபிக் ஆப்ஷனை ஆன் பண்ணி கெர்னலை பில்ட் பண்ணுங்க, 2006லயே 2.6.18ல வந்த, பூட்டு தப்புகளை கண்டுபிடிக்குற லாக்டெப் இது, உங்க பழைய கோடை ஓட்டினா ஹேங் ஆகுறதுக்கு முன்னாடியே எந்த லாக் எந்த டைமரோட மோதுதுன்னு கெர்னல் லாக் மெசேஜ்ல (டிமெசேஜ்) வந்து நிக்கும்.